சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள்

காஜாக்காரி தீவுக்கு உல்லாசப் பயணம் போகப்போகிறாள் என்ற செய்தி தையல் ஆலையில் பரவியபோது, அவள் முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசாதவர்தான் யாரும் இல்லை. பெற்ற பிள்ளையை வாரிக் கொடுத்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் கடல் காற்று கேட்கிறதாம், அது மனசா மரக்கட்டையா என்று காலர் தைக்கிறவள் பட்டன் தைக்கிறவளிடம் சொன்னாள். பட்டன் தைக்கிறவள் அதில் உப்பும் காரமும் சேர்த்து இஸ்திரி மேசைக்கு அனுப்பினாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? காஜாக்காரி குனிந்த தலை நிமிராமல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளில் மட்டும் அது நினைவுக்கு வரும். மற்றபடி சட்டையில் பொத்தான் நுழைகிற ஓட்டைக்குக் காஜா என்று பெயர், அதைப் போடுகிறவள் காஜாக்காரி, அவ்வளவுதான். மெஷின் முதலில் ஓட்டையின் இரு கரையையும் நெருக்கமாகத் தைக்கும், பிறகு நடுவில் கத்தி இறங்கும். துணியைப் பிசகாமல் வைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள், பிள்ளை பெற்று, அதைப் பள்ளிக்கு அனுப்பி, மீசை முளைத்ததும் கடல் தாண்டி அனுப்பும் வரை அதே ஸ்டூலில்தான் இருந்தாள். இடையில் ஸ்டூலின் ஒரு கால் உடைந்து மாற்றினார்கள். அவளை யாரும் மாற்றவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆலையில் தைப்பதே ஊர் சுற்றப் போகிறவர்கள் போடும் சட்டைதான். தென்னை மரம், கிளி, படகு, பெரிய பெரிய சிவப்புப் பூ. அந்தச் சட்டைகளுக்கெல்லாம் ஓட்டை போட்ட கை, ஊர் எல்லைக்கு அப்பால் எதையும் தொட்டதில்லை. புருஷன்காரர் கதை இன்னும் மோசம். அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். ஆயுசு முழுக்கப் பயணம் செய்த மனுஷர், கட்டடத்தை விட்டு வெளியே போனதில்லை. தரைத் தளத்திலிருந்து மொட்டை மாடி வரைக்கும்தான் அவருடைய உலகம். முகம் மூடாத ஸ்ட்ரெச்சர் மேலே போகும், மூடியது கீழே போகும். அந்த வேலையில் நிறையப் பார்த்துவிட்டதால் சாவு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ஒரே பையன். ஆள் கொஞ்சம் குள்ளம், வாய் நீளம். வெல்டிங் படித்துவிட்டு, தீவின் துறைமுகத்தில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை கிடைத்துப் போனான். வாராவாரம் போன் செய்து, இங்கே வெயில் வறுத்தெடுக்கிறது, தண்ணீர் உப்புக் கரிக்கிறது, ஆனால் கடல் மட்டும் படத்தில் பார்க்கிற மாதிரியே இருக்கிறது என்பான். ஒரு நாள் அவனுக்குப் பதில் வேறு ஒரு குரல் வந்தது. சாரம் சரிந்து விழுந்துவிட்டான், அந்த ஊர் வெயிலில் உடம்பு தாங்காது என்பதால் அடக்கமும் செய்தாகிவிட்டது, சாமான்கள் வந்து சேரும் என்று அந்தக் குரல் சொன்னது. சொல்லி முடித்ததும் வைத்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர யாரும் எடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு பை வந்தது. பட்டறையில் வேறு கொட்டகையில் வேலை செய்த ஒருவன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். அவனும் எதையும் கண்ணால் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டதுதான். பையில் இருந்த கால்சட்டைகளைக் காஜாக்காரி ஒவ்வொன்றாக விரித்து அடியைப் பார்த்தாள். மகனுக்கு எதை வாங்கினாலும் அடியை மடித்து அவள்தான் தைத்துக் கொடுப்பாள், இல்லாவிட்டால் தெருவைப் பெருக்கிக்கொண்டு போவான். பையில் இருந்தவற்றில் ஒன்றுகூட மடித்துத் தைத்ததில்லை. எல்லாம் யாரோ ஒரு நெட்டையனுடையவை.

பை மாறியிருக்கும் என்றார் லிஃப்ட்காரர். பை மாறலாம் என்றால் ஆள் மாறக்கூடாதா என்றாள் அவள். அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு அந்த எண்ணம். விழுந்தவன் எவனோ நெட்டையன், தன் பிள்ளைக்கு அடிபட்டு ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடக்கிறான், அல்லது பட்டறைக்காரன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அடைத்து வைத்திருக்கிறான், அல்லது இப்படி, அல்லது அப்படி. அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று திருப்பி அனுப்பினாள். இந்தக் கல்நெஞ்சுக்காரி என்ற பெயரெல்லாம் அதில் கிடைத்ததுதான்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டால் முடிந்தது. ஆனால் போவது எப்படி? பட்டறையில் வேலை செய்தவனின் சொந்தக்காரர் என்று சொல்லிப் போனால், பட்டறைக்காரர் அழைத்தால்தான் விசா. பட்டறைக்காரர் யாரையும் அழைப்பதில்லை. அதே தீவில் அண்ணனைப் பறிகொடுத்த ஒரு பெண் பக்கத்துத் தெருவில் இருந்தாள். உள்ளதை உள்ளபடி சொல்லி விசா அலுவலகத்தில் போய் அழுதாள். அவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், நாற்காலி கொடுத்தார்கள், விசாவை மட்டும் கொடுக்கவில்லை. உல்லாசமாகச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கோ அந்தத் தீவு கதவை விரியத் திறந்து வைத்திருந்தது. ஆக, பிள்ளையைத் தேடிப் போக ஒரே வழி, சந்தோஷமாகப் போவதுதான்.

இந்த யோசனையைச் சொன்னவர் டிக்கெட்காரர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், சுவர் தெரியாமல் கடல் படங்களை ஒட்டி வைத்துக்கொண்டு பயணம் விற்கிறவர். மகன் போகும்போது அவனுக்கு டிக்கெட் போட்டவரும் அவர்தான். அந்த உறுத்தல் அவருக்கு உள்ளூர இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வம்பில் தலையைக் கொடுத்திருக்க மாட்டார். பணம் எப்படிப் புரண்டது என்பது வேறு கதை, அதை இங்கே விரித்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு அவர் தீவின் படத்தை மேசையில் விரித்தார். அவரும் காஜாக்காரியும் குனிந்து பார்த்தார்கள்.

நடுவில் நகரம். ஒரு பக்கம் கலங்கரை விளக்கம், பழைய கோட்டை, அடியில் கண்ணாடி பதித்த படகு, மணல் வெளுத்த கடற்கரை. சுற்றிப் பார்க்கிறவர்கள் தங்குவதெல்லாம் அங்கேதான். காஜாக்காரி விரலை எடுத்துப் படத்தின் தென்கோடியில் வைத்தாள். அங்கே துறைமுகம், அதில் பட்டறையின் நீண்ட மதில். அதை ஒட்டி ஒரு சந்தில் தங்கும் விடுதி ஒன்று இருக்கிறதே, அதில் அறை போடுங்கள் என்றாள். டிக்கெட்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது மாலுமிகள் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிற இடம், மீன் நாற்றம் குடலைப் பிடுங்கும், ஊர் சுற்ற வருகிறவன் எவனாவது அங்கே தங்குவானா, விசா அலுவலகத்தில் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார்கள் என்றார். அவள் விரலை எடுக்க மனசில்லாமல் எடுத்தாள்.

கும்பலோடுதான் போக வேண்டும், கும்பலோடுதான் சுற்ற வேண்டும். கொடி பிடித்துக்கொண்டு ஒருவன் முன்னால் நடப்பான், அவன் பின்னால் வாத்துக் கூட்டம் மாதிரி போக வேண்டியதுதான். ஆளைக் காணோம் என்றால் போலீசுக்குச் சொல்லிவிடுவான். கிளம்புகிற நாள் மதியம் மட்டும் அவரவர் இஷ்டப்படி சுற்றிக்கொள்ள விடுவார்கள். அந்த ஒரு மதியத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

அந்த மதியம் எங்கே போவது என்பதில்தான் வீட்டில் போர் மூண்டது. வெளியூர்க்காரர்களைப் புதைக்கிற மயானம் வடக்கே, குன்றுக்குப் பின்னால். பட்டறை தெற்கே. இரண்டுக்கும் போக நேரம் பத்தாது என்று டிக்கெட்காரர் அடித்துச் சொல்லிவிட்டார். லிஃப்ட்காரர் மயானத்துக்குப் போக வேண்டும் என்றார். பிள்ளை கிடக்கிற இடத்தில் ஒரு பிடி மண்ணாவது தள்ள வேண்டாமா, அதுகூடச் செய்யாத அப்பன் என்ன அப்பன். அவள் பட்டறை வாசலுக்குப் போக வேண்டும் என்றாள். வேலை விட்டு எல்லாரும் வெளியே வருகிற நேரம் வாசலில் நின்றால் ஒவ்வொரு முகமாகப் பார்க்கலாம். அவன் வராவிட்டாலும் அவனைத் தெரிந்தவன் எவனாவது வருவான்.

"குழியைப் பாத்து என்னங்க ஆகப் போகுது? குழி பேசுமா?" என்றாள்.

"வாசல்ல நின்னா மட்டும் செத்தவன் நடந்து வருவானா? நானும் எத்தனையோ பேரைக் கீழே இறக்கிட்டேன். ஒருத்தனும் திரும்பி மேலே வந்ததில்லை."

"பெத்த வாயா அது?" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாளும் இதே பேச்சு, அதற்கு மறுநாளும் இதே. அவர் செத்துவிட்டான் என்பார், அவள் எரிந்து விழுவாள், அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விடுவார். இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று அவளுக்கு அப்படி ஒரு கோபம். தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், புருஷன் பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முடிவு எட்டாமலே நாள் போயிற்று. டிக்கெட்காரர் பயணத் திட்டத்தில் அந்த மதியத்துக்கு நேரே கடைத்தெரு என்று போட்டு வைத்தார்.

அடுத்து ஒத்திகை. விசா அலுவலகத்தில் நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். டிக்கெட்காரர் அதிகாரியாக உட்கார்ந்துகொண்டு, இவர்களை எதிரே நிற்க வைத்துக் கேட்டார். எதற்குப் போகிறீர்கள் என்றதும் லிஃப்ட்காரர், மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல் விறைத்துக்கொண்டு, சந்தோஷத்துக்குங்க என்றார். கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன்கூட அவ்வளவு சோகமாகச் சொல்ல மாட்டான். என்ன பார்ப்பீர்கள் என்று அவளைக் கேட்டால், கலங்கரை விளக்கம், கோட்டை, படகு என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். டிக்கெட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, சந்தோஷமாப் போறவங்க எல்லாத்துக்கும் இப்படித் தலையாட்ட மாட்டாங்க. குறை சொல்லுவாங்க. ரூம்ல இருந்து கடல் தெரியுமா, சுடுதண்ணி வருமா, மெத்தை நல்லா இருக்குமான்னு பிடுங்கி எடுப்பாங்க. நீங்க முதல்ல குறை சொல்லக் கத்துக்கணும்."

அவள் கற்றுக்கொண்டாள். ஆலையில் உட்கார்ந்து மெஷினை ஓட்டிக்கொண்டே உதட்டுக்குள் மெத்தையைக் குறை சொன்னாள். தனக்குத்தானே முணுமுணுக்கிறாள், கடல் ஆசை தலைக்கு ஏறிவிட்டது என்று காலர் தைக்கிறவள் அதற்கும் ஒரு கதை கட்டினாள். கழித்துப் போட்ட சட்டைகளில் ஒன்றைப் புருஷனுக்காகச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தாள். பாக்கெட் தைத்ததில் பிசகி, ஒரு கிளிக்குத் தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற லிஃப்ட்காரர் தன்னை அடையாளம் தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். முக்கியமான கேள்வி ஒன்று உண்டு, அங்கே உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார்கள், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று டிக்கெட்காரர் எச்சரித்திருந்தார். அதை நான் சொல்ல மாட்டேன், என் வாயில் வராது என்று அவள் சொல்லிவிட்டாள். சரி, அதை நான் சொல்கிறேன் என்று லிஃப்ட்காரர் ஏற்றுக்கொண்டார்.

விசா அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மேல் தளத்தில் இருந்தது. லிஃப்ட் இருந்தும் இருவரும் படியேறித்தான் போனார்கள். வேறொருவன் ஓட்டுகிற லிஃப்ட்டில் லிஃப்ட்காரர் கால் வைப்பதில்லை. உள்ளே குளிரூட்டிய கூடம். புதுக் கல்யாண ஜோடிகளும் பிள்ளை குட்டிகளோடு வந்தவர்களும் வரிசையில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

கேள்வி கேட்டது ஒரு இளம்பெண். தீவுக்காரப் பெண். இவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு நன்றாகவே பேசினாள். முகத்தில் கடுகடுப்பு இல்லை. கிளிச் சட்டையைப் பார்த்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன பார்க்கப் போகிறீர்கள் என்றாள். காஜாக்காரி கோட்டையைச் சொன்னாள், படகைச் சொன்னாள், கூடவே அறையிலிருந்து கடல் தெரியுமா, மெத்தையில் மூட்டைப்பூச்சி இருக்காதே என்று ஒரு பிடி பிடித்தாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து, அதெல்லாம் இருக்காதும்மா என்றாள். அங்கே தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்ற கேள்வியும் வந்தது. யாரும் இல்லீங்க என்று லிஃப்ட்காரர் சொன்னார். குரல் நடுங்கவில்லை. அவள் பேனாவை எடுத்தாள். காஜாக்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எழுதிக்கொண்டே, சும்மா பேச்சுக்குத்தான், அந்தப் பெண் கேட்டாள். "புள்ளைங்களை விட்டுட்டா போறீங்க? எத்தனை பேரு?"

இந்தக் கேள்வியை டிக்கெட்காரர் சொல்லித் தரவில்லை. அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஒரே பையன்ங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"புள்ளை இல்லீங்க" என்றாள் காஜாக்காரி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். அவர் முகத்தையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு போயிருந்தது. பையன் எங்கே இருக்கிறார் என்று அவரைக் கேட்டாள்.

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். தினமும் வீட்டில் நூறு தடவை சொல்கிற அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. கண் கலங்கிற்று, வாய் திறந்தது திறந்தபடி நின்றது. காஜாக்காரிக்கு எல்லாம் கைநழுவிப் போவது தெரிந்தது. இன்னும் ஒரு நொடி விட்டால் மனுஷன் தீவின் பெயரைச் சொல்லிவிடுவார். பட்டறை வாசல் போய்விடும், பிள்ளை போய்விடுவான். அவள் பேசினாள்.

"இருந்தான்மா. ஒரே பையன். செத்துட்டான். அவருக்கு இன்னும் அதைச் சொல்ல வாய் வரலை, அதான்."

எங்கே, எப்படி என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"இந்த ஊர்லதான். கட்டட வேலைக்குப் போனான். சாரம் சரிஞ்சு விழுந்துட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நான்தான் முகத்தைத் தொடச்சு விட்டேன். நல்லாத்தான் இருந்தான்மா, தூங்குற மாதிரி. அப்புறம் கொண்டு போயிட்டாங்க."

ஊரும் வேலையும் ஆஸ்பத்திரியும் அவள் முகம் துடைத்ததும்தான் பொய். அந்தப் பொய்யைச் சொல்லும்போதே மகன் முகம் அவள் கைக்கு அடியில் சில்லென்று கிடந்தது. காதோரம் ஒட்டியிருந்த மண்ணைக்கூட அவள் விரல் தள்ளிவிட்டது. அதற்கு மேல் எதையும் அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. அவன் நினைவு தப்பிக் கிடக்கும் ஆஸ்பத்திரியை மனசுக்குள் தேடினாள், அகப்படவில்லை. பூட்டிய அறையைத் தேடினாள், அதுவும் இல்லை. அவள் அழுதாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, பெற்ற நாளில் கத்தியதுபோல் கத்தி அழுதாள். கூடத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தத் தீவுக்காரப் பெண்ணுக்கும் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வந்து தோளைத் தொட்டாள். போய்வாருங்கள் அம்மா, கடலைப் பார்த்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்றாள். பாஸ்போர்ட்டுகளில் முத்திரை விழுந்தது.

இறங்கும்போது பாதிப் படியில் லிஃப்ட்காரர் உட்கார்ந்துவிட்டார். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் கிளிச் சட்டையைப் பார்த்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள சொன்னது விசாவுக்காகத்தானே?" என்றார்.

அவள் பாஸ்போர்ட்டுகளைப் பைக்குள் வைத்தாள்.

"நான் செத்துட்டான் செத்துட்டான்னு சொன்னதெல்லாம், நீ இல்லைன்னு சண்டை போடுவேங்கிற தைரியத்துலதான். நீ சண்டை போட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். விசாவுக்காகத்தான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அந்த மதியம் நீ சொன்ன எடத்துக்கே போவோம். பட்டறை வாசல்லயே நிக்கலாம்."

இத்தனை மாதமாக ஈரமில்லாத நெஞ்சு என்று தான் திட்டிய மனுஷன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான். உள்ளே அவ்வளவு பொய்யை மளமளவென்று சொன்ன வாய்க்கு இந்த ஒன்று கஷ்டமா? அவள் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"வேண்டாங்க" என்றாள். "மயானத்துக்கே போவோம்."